வெள்ளிக்கிழமை மாறிய பட்டன்

அத்தியாயம் 9

"நாலு மணிக்குப் போலீஸ் வந்துடும். அதுக்குள்ள உங்களால ஏதாவது கிழிக்க முடியும்னா கிழிச்சுக்கோங்க" என்றார் டைரக்டர் சமூதின் கலிகோவிச்.

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று பத்து.

குந்துஸ் தன் முதலாளியைப் பார்த்தாள். துப்பறிவாளர் தோரொன்பெக் அவசரமே இல்லாமல் சட்டைப்பையிலிருந்து ஒரு குரூத்தை எடுத்து வாயில் போட்டார். காய்ந்து கல்லாகிப்போன உப்புத் தயிர் உருண்டை அது. அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால்தான் அவருக்கு மூளை வேலை செய்யும். ஐந்து வருஷமாக அவரிடம் உதவியாளராகக் குப்பை கொட்டும் குந்துஸுக்கு அந்த வாடை பழகிப்போய்விட்டது.

"பைக்கே, ஐம்பது நிமிஷம். உங்க குரூத் கரையவே அவ்வளவு நேரம் ஆகும்" என்றாள். வயதில் மூத்த ஆண்களை அவர்கள் ஊரில் பைக்கே என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பேசாம மெஷினைப் பாரு."

விஷயம் இவ்வளவுதான். நாளைக் காலை ஒன்பது மணிக்குப் பிஷ்கெக்கின் இந்தக் கல்லூரியில் நுழைவுத்தேர்வு. இன்று மதியம், எல்லாரும் கேன்டீனில் லக்மான் நூடுல்ஸ் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், கணக்குக் கேள்வித்தாளை யாரோ பென் டிரைவில் நகலெடுத்திருக்கிறார்கள். இணையமே இல்லாத, மூன்றாம் மாடி அறையில் தனியாக வைத்திருக்கும் லினக்ஸ் கம்ப்யூட்டர். அதை இயக்குவது ஒரே ஒருத்தி. பதினாறு வருஷமாகத் தேர்வுப் பிரிவில் இருக்கும் நூர்ஜமால். அவளுடைய மகள் நாளை அதே தேர்வை எழுதுகிறாள். போன வருஷம் மூன்று மதிப்பெண்ணில் தவறவிட்ட பெண்.

இதற்குமேல் போலீசுக்கு என்ன வேண்டும்? அம்மாவுக்குக் கைவிலங்கு, மகளுக்குத் தடை. டைரக்டர் ஏற்கெனவே மனசுக்குள் இரண்டையும் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

நூர்ஜமால் ஜன்னலோரம் நின்றிருந்தாள். நாற்பத்தைந்து வயது, ஒல்லியான உருவம். அழவில்லை. ஆனால் இடது கையை வலது கையால் பொத்திப் பிடித்திருந்தாள். அந்த இடது கையில் விரல்கள் மூன்றுதான்.

"நான் எதிர் ஸ்டோர் ரூம்ல விடைத்தாள் கட்டுக்கு சீல் வச்சுட்டு இருந்தேன். பன்னண்டரைலேர்ந்து ஒண்ணு பத்து வரைக்கும்" என்றாள். இதை அவள் சொல்வது ஐந்தாவது தடவை.

"கூட யாரு இருந்தா?" என்றார் டைரக்டர்.

"யாரும் இல்ல."

"வாசல் நோட்டுல ஒரு வெளியாள் பேரு கூட இல்ல. மத்த ஸ்டாஃப் பதினோரு பேரும் கேன்டீன்ல என் கண்ணு முன்னால இருந்தாங்க. அதையெல்லாம் விடுங்க. இந்த மெஷினை இந்த அம்மாவைத் தவிர வேற எவனாலயும் ஓட்ட முடியாது. பாக்குறீங்களா?"

அவர் குனிந்து, உலகத்தில் எல்லாரும் செய்கிற மாதிரி, மூலையில் இருக்கும் கன்ட்ரோல் பட்டனைச் சுண்டுவிரலால் அழுத்திக்கொண்டு சி எழுத்தைத் தட்டினார். திரை பட்டென்று கறுத்துப் பாஸ்வேர்ட் கேட்டது.

"பாத்தீங்களா? தொட்டா பூட்டிக்கும்."

குந்துஸுக்கு ஆர்வம் பிறந்துவிட்டது. அவளும் வீட்டில் லினக்ஸ்தான். "எஜே, நீங்களேவா மாத்தினீங்க?" என்று கேட்டாள். அக்கா என்று கூப்பிடப்பட்டதும் நூர்ஜமாலின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"எனக்குச் சுண்டுவிரலும் மோதிர விரலும் இல்லம்மா. ஏழு வயசுல, எங்க ஊர் நாரின்ல, புல்லு வெட்டுற மெஷின்ல போச்சு. மூலைப் பட்டன் எனக்கு எட்டாது. அதனால கட்டைவிரலுக்குக் கீழ இருக்கிற ஆல்ட்டைக் கன்ட்ரோலா மாத்திட்டேன். மூலைப் பட்டன் சும்மாதானே கிடக்கு, எந்திரிச்சுப் போறப்ப வலது கையால ஒரு தட்டு தட்டினா ஸ்கிரீன் பூட்டிக்கட்டும்னு வச்சேன்."

"மவுஸ் எங்க?"

"எனக்கு எதுக்கு மவுஸ்?"

அதற்குள் அவள் பாஸ்வேர்டைத் தட்டித் திரையைத் திறந்துவிட்டாள். வெறும் பச்சைத் திரை. ஒரு படம் இல்லை, ஒரு மெனு இல்லை. எதைத் திறப்பதானாலும் விண்டோஸ் கீயோடு ஓர் எழுத்தைச் சேர்த்து அழுத்த வேண்டும். அந்த விண்டோஸ் கீ மேல் ஆப்ரிகாட் பழ ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"லினக்ஸ் வீட்டுல விண்டோஸ் படம் எதுக்குன்னு மூடி வச்சுட்டீங்களா? விவாகரத்து ஆனவ பழைய கல்யாண போட்டோவைத் திருப்பி வைக்கிற மாதிரி" என்றாள் குந்துஸ்.

நூர்ஜமால் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

குந்துஸ் உட்கார்ந்து பதிவேட்டைத் தோண்டினாள். கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்தது. 12.46க்கு யாரோ பாஸ்வேர்ட் போட்டுத் திறந்திருக்கிறார்கள், முதல் தடவையிலேயே சரியாக. 12.51க்குப் பென் டிரைவ் உள்ளே. 12.53க்கு வெளியே. இடையில் திரை ஒரு தடவைகூடப் பூட்டிக்கொள்ளவில்லை. அதாவது உட்கார்ந்திருந்த ஆள் மூலைப் பட்டன் பக்கமே போகவில்லை.

டைரக்டர் ஒரு மூர்க்கர்தான், ஆனால் அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. வேற்று ஆள் யாராக இருந்தாலும் ஏழு நிமிஷத்தில் பழக்க தோஷத்தில் ஒரு தடவையாவது அந்த மூலையைத் தொட்டிருப்பார்கள்.

"பாஸ்வேர்ட் என்ன எஜே?"

"மக பேரும் பொறந்த வருஷமும்."

"பிஷ்கெக்ல பாதி பேரோட பாஸ்வேர்ட் அதுதான். அதை விடுங்க" என்றாள் குந்துஸ். ஆனால் அதை விட்டால் அவள் கையில் வேறு எதுவும் இல்லை.

மணி மூன்று இருபத்தெட்டு.

தோரொன்பெக் மேஜையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். கம்ப்யூட்டரை ஆன் செய்யக்கூடத் தெரியாத மனுஷர். மேஜை ஓரத்தில் கம்பளித் துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு பாத்திரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார்.

"குந்துஸ், திருடனோ திருடியோ, வந்தவங்க எல்லாத்தையும் சரியாவே செஞ்சாங்களா? ஒரு தடுமாற்றமும் இல்லையா?"

"அதைத்தான் பைக்கே தேடிட்டு இருக்கேன். ஏழு நிமிஷம் இருந்திருக்காங்க. நகலெடுக்க ரெண்டு நிமிஷம் போதும். மீதி அஞ்சு நிமிஷம் என்ன பண்ணினாங்க? கும்பிட்டுட்டு இருந்தாங்களா?"

சொல்லிக்கொண்டே படங்கள் சேமிக்கும் இடத்தைத் திறந்தாள். அச்சகத்துக்கு அனுப்புவதற்காக நூர்ஜமால் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகள் வரிசையாக இருந்தன. கேள்வித்தாளின் பக்கங்கள், பக்கங்கள், பக்கங்கள். கடைசியில் ஏழு படங்கள் வேறு மாதிரி இருந்தன.

ஏழிலும் ஒன்றுமே இல்லை. வெறும் பச்சைத் திரை. எடுத்த நேரம் 12.47. பதினைந்து விநாடிக்குள் ஏழு படம்.

"பைக்கே" என்றாள் குந்துஸ். குரலில் இருந்த கிண்டல் போய்விட்டது. "கேள்வித்தாள் திருட வந்த ஆள் எதுக்கு வெத்துத் திரையை ஏழு தடவை படம் எடுக்கணும்?"

"எடுக்கணும்னு எடுத்தாங்களா?"

அவள் ஷார்ட்கட்டுகள் எழுதி வைத்திருக்கும் ஃபைலைத் திறந்தாள். லினக்ஸ்காரர்களுக்கு எல்லாம் ஒரே ஒரு சின்ன ஃபைலில்தான். எந்தப் பட்டன் என்ன செய்யும் என்று வரிவரியாக இருக்கும். கடைசியாக மாற்றிய தேதி, போன வெள்ளிக்கிழமை.

"எஜே, வெள்ளிக்கிழமை என்ன மாத்தினீங்க?"

"அச்சகத்துக்காரங்க பக்கத்துக்குப் பக்கம் ஸ்கிரீன்ஷாட் கேட்டாங்க. அந்தப் பட்டன் எங்கியோ மூலையில இருக்கு. அதனால ஸ்டிக்கர் பட்டனோட கே எழுத்தைத் தட்டினா ஸ்கிரீன்ஷாட்னு வச்சேன். அதுக்கு முன்னால கே தட்டினா கேள்வித்தாள் ஃபோல்டர் திறக்கும். அதை பி எழுத்துக்கு மாத்திட்டேன்."

"ஸ்கிரீன்ஷாட் எடுத்தா சத்தம் ஏதாவது வருமா?"

"ஒண்ணும் வராது. சேமிச்சுக்கும், அவ்வளவுதான்."

குந்துஸ் எழுந்தே நின்றுவிட்டாள். "வந்த ஆள் ஃபோல்டரைத் திறக்க கே தட்டியிருக்காங்க. ஒண்ணும் நடக்கல. திரும்பத் தட்டியிருக்காங்க. ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் மெஷின் கமுக்கமா ஒரு படம் எடுத்து வச்சுடுச்சு. அப்புறம்தான் வேற வழியில தேடிக் கண்டுபிடிச்சிருக்காங்க, அதுக்குத்தான் அந்த அஞ்சு நிமிஷம். பட்டனை மாத்தினதே நூர்ஜமால் எஜே. அவங்களுக்கு அது தெரியாதா என்ன? வந்த ஆளுக்கு இவங்க பழைய பட்டன் எல்லாம் அத்துப்படி. வெள்ளிக்கிழமை மாத்தினது மட்டும் தெரியாது."

நூர்ஜமாலின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "ஆமா. நான் இல்ல. பாத்தீங்களா சமூதின் கலிகோவிச், நான் இல்ல" என்றாள். இவ்வளவு நேரம் வராத கண்ணீர் இப்போது பொலபொலவென்று வந்தது.

தோரொன்பெக் குரூத்தை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார்.

"பட்டனை இங்க மட்டும்தான் மாத்தினீங்களா, இல்ல வேற எங்கயாவது இதே மாதிரி மெஷின் வச்சிருக்கீங்களா?"

"வீட்டுல ஒண்ணு இருக்கு. அங்க எதுக்கு ஸ்கிரீன்ஷாட்? அதுல இன்னும் பழைய மாதிரியே..."

அவள் நிறுத்தினாள். வந்த வெளிச்சம் அப்படியே அணைந்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். குந்துஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் புரியாமல்.

"அந்தப் படத்தை அழிச்சுடுங்க" என்றாள் நூர்ஜமால்.

"என்ன எஜே?"

"நான்தான் எடுத்தேன். கேள்வித்தாளை நான்தான் எடுத்தேன். எழுதிக்கோங்க."

டைரக்டர் வாயைப் பிளந்தார். பிறகு சுதாரித்துக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேன்" என்று போனை எடுத்தார்.

"போனைக் கீழ வைங்க. இன்னும் இருபது நிமிஷம் எங்களோடது" என்றார் தோரொன்பெக். நூர்ஜமாலுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. ஒத்துக்கிறதை உங்க கையாலயே டைப் பண்ணிடுங்க. யாரும் அப்புறம் மாத்திப் பேச முடியாது."

அவள் உட்கார்ந்தாள். கிர்கிஸ் மொழியில் நாலு வரி அடித்தாள். மூன்று விரல் இடது கையும் ஐந்து விரல் வலது கையும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் ஓடுவதைப் பார்த்து, பத்து விரலும் உள்ள குந்துஸுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. எந்தக் கேள்வித்தாள், எத்தனை பக்கம் என்றெல்லாம் தோரொன்பெக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"கணக்குத்தாளோட ஃபைல் நம்பர் என்ன? சீக்கிரம், நேரம் ஆகுது."

அவள் கை யோசிக்கவே இல்லை. ஸ்டிக்கர் பட்டன், பி எழுத்து. ஃபோல்டர் திறந்தது.

"வெள்ளிக்கிழமைலேர்ந்து அந்தக் கை இந்த ஃபோல்டரை எத்தனை தடவை திறந்திருக்கும் குந்துஸ்?" என்றார் தோரொன்பெக்.

"நூத்துக்கு மேல. தப்பாத் தட்டியிருந்தா வெத்துத் திரைப் படம் விழுந்திருக்கும். இன்னிக்கு 12.47 வரைக்கும் ஒண்ணு கூட விழல."

"நாலு நாளா தப்பாத கை இன்னிக்கு மட்டும் ஏழு தடவை தப்புமா? உங்க வாய் ஒண்ணு சொல்லுது, கை ஒண்ணு சொல்லுதும்மா. நான் கையை நம்புறேன்."

"என் வார்த்தையை எழுதிக்கிட்டா உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்றாள் நூர்ஜமால். "போலீசுக்கு ஒரு ஆள் வேணும். நான் வரேன். எனக்கு நாப்பத்தஞ்சு வயசு ஆச்சு. என்னை விட்டுட்டு வேற யாரையும் தேடாதீங்க, உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன்."

அப்போதுதான் குந்துஸுக்கு உறைத்தது. அவள் மெதுவாகக் கம்பளித் துணி சுற்றிய பாத்திரத்தைப் பார்த்தாள். தோரொன்பெக் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே மாந்தி, ஆவியில் வெந்த இறைச்சிக் கொழுக்கட்டைகள். ஒன்றைத் தொட்டுப் பார்த்தார்.

"காலையில கொண்டுவந்ததுன்னா இந்நேரம் பச்சைத் தண்ணியா இருக்கும். இது இன்னும் வெதுவெதுன்னு இருக்கு. வாட்ச்மேனைக் கூப்பிடுங்க."

வாட்ச்மேன் ஜொல்தோஷ் மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்தார்.

"மதியம் யாராவது வந்தாங்களா?" என்றார் தோரொன்பெக்.

"வெளியாளு ஒருத்தரும் வரல. நோட்டைப் பாருங்க."

"வெளியாளு வரல. சரி. யாரு வந்தா?"

"யாரும் வரலன்னு சொல்றேனே. நம்ம ஐபிகே வந்தா, தினமும் வர்ற மாதிரி அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தா. அவ இந்த உயரம் இருக்கிறப்பலேர்ந்து வந்துட்டு இருக்கா. அவளைப் போய் நோட்டுல எழுதுவாங்களா?"

டைரக்டர் கையிலிருந்த போன் மெதுவாக இறங்கியது. நோட்டை நம்பி இவ்வளவு நேரம் துள்ளிய மனுஷர், இப்போது போனை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"எப்ப கிளம்பிப் போனா?"

"எங்க போனா? எதிர்ப் பக்கம் பெஞ்சுல உக்காந்திருக்கா. ஒரு மணிலேர்ந்து. நான் கூட டீ வேணுமாம்மான்னு கேட்டேன். பதிலே சொல்லல" என்றார் ஜொல்தோஷ். பிறகு எல்லாருடைய முகத்தையும் பார்த்தார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு அப்போதுதான் பயம் வந்தது.

"போய்க் கூட்டிட்டு வாங்க" என்றார் தோரொன்பெக்.

"வேணாம்" என்றாள் நூர்ஜமால். கதவுக்கும் வாட்ச்மேனுக்கும் நடுவில் வந்து நின்றாள். "ஜொல்தோஷ் பைக்கே, அவளை வீட்டுக்குப் போகச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

அவளை விலக்க யாருக்கும் மனசு வரவில்லை. விலக்க வேண்டிய அவசியமும் வரவில்லை. படியேறும் சத்தம் கேட்டது. வாட்ச்மேன் தன் இடத்தை விட்டு ஓடியதைப் பெஞ்சிலிருந்து பார்த்திருக்க வேண்டும். பதினெட்டு வயதுப் பெண், முழங்கால் வரை தொங்கும் ஸ்வெட்டர், வெளுத்துப்போன உதடு. நேராக மேஜைக்கு வந்து வலது கையைத் திறந்தாள். பென் டிரைவ் உள்ளங்கையில் பதிந்து சிவப்பாக அச்சு விழுந்திருந்தது.

"அம்மா எடுக்கல. நான்தான் எடுத்தேன்."

"வாயை மூடுடி" என்றாள் நூர்ஜமால்.

"சாப்பாடு வைக்கத்தான் வந்தேன். நீ இல்ல. சீட் காலியா இருந்துச்சு. ஒரே ஒரு தடவை பாக்கலாம்னு..." ஐபிகே அம்மாவைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பேசினாள். "கே தட்டினேன். திறக்கல. திரும்பத் தட்டினேன். ஏழெட்டுத் தடவை தட்டினேன். அப்பவே எந்திரிச்சுப் போயிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் போயிருக்கலாம்."

"யாருக்காவது குடுத்தியா?" என்றார் தோரொன்பெக்.

"இல்ல. நான் கூடத் திறந்து பாக்கல. வெளியில போனதும் கால் நடக்க மாட்டேங்குது. திரும்பி வந்து வச்சுடலாம்னு நினைச்சேன். அதுக்குள்ள எல்லாரும் கேன்டீன்லேர்ந்து வந்துட்டாங்க."

குந்துஸுக்கு எதையாவது சொல்லி அந்தக் கனத்தைக் குறைக்க வேண்டும் போல இருந்தது. அந்தப் பெண்ணை அவளுக்குப் பிடித்திருந்தது, அதுதான் கஷ்டமாக இருந்தது.

மணி மூன்று ஐம்பத்திரண்டு. டைரக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். ஜன்னல் பக்கம் போனார், திரும்பி வந்தார். அவருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள் என்பது பிறகுதான் குந்துஸுக்குத் தெரிந்தது.

"ரெண்டாவது கேள்வித்தாள் ஒண்ணு லாக்கர்ல சீலோட இருக்கு. காலையில அதைக் குடுத்துடலாம். தேர்வுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் யாரையும் பார்க்காமல். "போலீஸ்ல நான் பேசிக்கிறேன். தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம்னு சொல்லிக்கிறேன். ஆனா இந்தப் பொண்ணு நாளைக்கு எழுதக் கூடாது. பட்டியல்லேர்ந்து பேரை எடுக்கணும். இப்பவே எடுக்கணும்."

"எடுத்துடுங்க" என்றாள் ஐபிகே.

டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்து கீபோர்டின் மேல் கையைக் கொண்டுபோனார். மூலைப் பட்டன் அவருக்கு ஞாபகம் வந்தது. கையை இழுத்துக்கொண்டு குந்துஸைப் பார்த்தார். குந்துஸ் அசையாமல் நின்றாள். அந்த வேலையை அவள் செய்வதாக இல்லை.

"எந்திரிங்க சமூதின் கலிகோவிச்" என்றாள் நூர்ஜமால். "பட்டியல் என் பொறுப்பு."

"நீங்க வேணாம்மா. டெக்னீஷியனைக் கூப்பிடறேன்."

"என் மெஷின்ல வேற யாரும் கை வைக்க வேணாம்."

அவர் எழுந்தார். அவள் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பட்டியல் திறந்தது. பெயர்கள் மேலே மேலே ஓடி ஓர் இடத்தில் நின்றன. ஐபிகே அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். கீழே தெருவில் ஒரு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஜொல்தோஷ் ஓடினார்.

நூர்ஜமாலின் கை எங்கும் தடுமாறவில்லை. வரியைத் தேர்ந்தெடுத்தாள். அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆம் என்றாள். கீழே இருந்த பெயர்கள் எல்லாம் ஒரு வரி மேலே ஏறிக்கொண்டன. சேமித்தாள்.

பிறகு டைரக்டர் பக்கம் திரும்பி, தினமும் சாயங்காலம் கணக்குச் சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"மொத்தம் எண்ணூத்திப் பதினாலு பேர் இருந்தாங்க. இப்ப எண்ணூத்திப் பதிமூணு."